உழவு மெசின் பெட்டி இடித்து இடித்து வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை பிறந்து வெட்டு மெசின்கள் வயல் வட்டைக்குள் இறங்கிவிட்டால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரைப் பக்கத்தில் பெட்டி (ட்ரெய்லர்) பூட்டாத உழவு மெசினை, அதாவது டிராக்டரை, காண்பது அரிது. நெல் மூடை, வைக்கோல், ஆற்றுமண், செங்கல், கோயில் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் போகும். அந்த நாட்களில் என்னிடம் வருகிறவர்கள் பாதிப்பேர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: "மெசின் நல்லாத்தான் ஓடுது, பெட்டிதான் பின்னால இடிக்குது." பல வருடம் மெசின் ஓட்டியும் பழுது பார்த்தும் தெரிந்துகொண்டதைக் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். கடைசிப் பகுதியில் நீள ட்ரெய்லர் இழுக்கும் பிரைம் மூவர்காரர்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது.

இடிப்பு என்று எல்லாரும் சொல்வது ஒரே பழுதுதானா?

இல்லை. இங்கேதான் பலர் காசைக் கொட்டுகிறார்கள். வெளிக்கிடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் மட்டும் "டக்" என்று முதுகில் ஒரு அடி விழுந்தால் அது மெசினையும் பெட்டியையும் பூட்டும் கொழுக்கிப் பக்கத்துக் குறை. நல்ல தார் ரோட்டிலும் ஒரே தாளத்தில் இழுத்து விடுகிறது என்றால் சில்லைப் பாருங்கள். பெட்டி வாலை ஆட்டுவதுபோல் இடமும் வலமும் போனால் பாரம் ஏற்றியதில் பிழை. கிளச்சை விடும்போது மெசினே நடுங்கினால் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. எப்போது இடிக்கிறது, எந்தத் திசையில் இடிக்கிறது என்ற இரண்டையும் ஒரு பயணம் முழுக்கக் கவனித்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முன்பின்னாக இடிப்பது ஏன்?

சுத்தியலை ஆணியின் தலையில் வைத்து எவ்வளவு அழுத்தினாலும் ஆணி இறங்காது. ஒரு சாண் தூக்கி அடித்தால் இறங்கிவிடும். அந்த ஒரு சாண்தான் இங்கேயும் காரணம். மெசினின் கொழுக்கியையும், பெட்டியின் முன் நுனியில் இருக்கும் வளையமான கண்ணையும் சேர்த்துப் பூட்டும் இரும்பு ஊசிதான் 'பின்'. அது ஆடுவதற்கு இடம் இருந்தால், நீங்கள் வேகத்தைக் குறைக்கும்போது பெட்டி குறைக்காமல் வந்து அந்த இடைவெளியைத் தாண்டி மோதும். மறுபடி இழுக்கும்போது எதிர்ப்பக்கம் மோதும்.

45 குதிரைவலு மெசின் ஏறக்குறைய 2 தொன் எடை. ஒரு மூடை 60 கிலோ என்று வைத்தாலே 50 மூடைக்கு 3 தொன், அதற்கு மேல் பெட்டியின் சொந்த எடை. உங்களைவிடப் பாரமான ஒன்று பின்னால் இருந்து தள்ளுகிறது. ஆகவே அரை அங்குல ஆட்டம் என்றாலும் அலட்சியம் வேண்டாம்.

அந்த ஆட்டம் எங்கே இருக்கிறது என்று எப்படிப் பிடிப்பது?

சமதரையில், பெட்டியை வெறுமையாக்கி, பெட்டிச் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஒருவர் மெசினில் இருந்து மிக மெதுவாக ஒரு கையளவு முன்னே எடுத்து, அதே அளவு பின்னே விட வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று கொழுக்கியைப் பார்க்க வேண்டும். மெசினுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒருபோதும் நிற்க வேண்டாம். கிளச்சில் இருக்கும் கால் ஒருமுறை வழுக்கினால் போதும்.

மெசின் நகர்ந்து, பெட்டி நகராமல் இருக்கும் அந்தத் தூரம்தான் ஆட்டம். பிறகு மெசினை நிறுத்தி, பின்னைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் கழுத்துப்போல் மெலிந்திருக்கும். கண் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவமாகியிருக்கும். கொழுக்கித் தகடுகளின் ஓட்டையையும் பாருங்கள். மூன்றும் தேய்ந்திருக்கும்போது பின்னை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

பின் சரியாக இருந்தும் ஆட்டம் இருந்தால் இன்னும் கீழே போக வேண்டும். பெட்டியின் இழுவைச் சட்டம் அடித்தளத்தோடு சேரும் இடத்தில் வெல்டிங் வெடித்திருக்கலாம். அச்சைப் பிடித்திருக்கும் யூ போல்ட் தளர்ந்து, அச்சே முன்னும் பின்னும் நகரலாம். துருப்படிந்த இடத்தில் புதிதாக ஒரு பளபளப்பான கோடு தெரிந்தால் அங்கே இரும்பும் இரும்பும் உரசுகின்றன என்று பொருள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரும்போகத்தில் மண்முனைப் பாலத்தின் ஏற்றத்தில் ஒவ்வொரு முறையும் முதுகில் குத்தியது. கராச்சில் கிளச் போய்விட்டது என்றார்கள். தட்டு மாற்றினேன், இடிப்பு மாறவில்லை. பிறகு கல்முனைப் பக்கத்து லேத் கடைக் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் பின்னைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பின் இல்ல, கட்டட வேலைக் கம்பி" என்றார். பழைய பின் தொலைந்த அன்று எவனோ முறுக்குக் கம்பித் துண்டைச் செருகிவிட்டிருக்கிறான். அந்த எவன் நான்தான் என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் ஞாபகம் வந்தது.

கண்ணில் பழைய டயர் ரப்பர் செருகினால் சத்தம் நின்றுவிடுகிறதே?

சத்தம் நிற்கும், தேய்வு நிற்காது. இரண்டு நாளில் ரப்பர் அரைந்து போகும், அதற்குள் தேய்வு உங்கள் கண்ணுக்கு மறைந்திருக்கும்.

சரியான வழி இதுதான். முட்டை வடிவமான கண்ணை லேத்தில் கடைந்து வட்டமாக்கி, உள்ளே புஷ் என்ற உலோக வளையம் இறக்கி, அந்த அளவுக்குப் பொருத்தமான கடினமான பின் போட வேண்டும். புஷ் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம், கண் தப்பிவிடும். கண் மிகவும் மெலிந்திருந்தால் அதையே மாற்றுங்கள். மேலே உலோகம் ஊற்றி நிரப்பிய கண் பாரத்தில் வெடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஆட்டமே இல்லாமல் இறுக்கி அடித்துவிடவும் கூடாது. வரம்பில் ஏறி இறங்கும்போது மெசின் ஒரு பக்கம் சாயும், பெட்டி மறுபக்கம் சாயும். கொஞ்சம்கூட இடம் கொடுக்காவிட்டால் அந்த முறுக்கு இழுவைச் சட்டத்தை வளைக்கும். கிறீஸ் போட மறக்க வேண்டாம். பின்னுக்குக் கீழே பூட்டுக் கிளிப்பும், பக்கத்தில் ஒரு சங்கிலியும் கட்டாயம் இருக்க வேண்டும். பின் துள்ளி வெளியே வந்த பெட்டி யார் வீட்டு மதிலில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

மூடையை எப்படி அடுக்கினால் இடிப்புக் குறையும்?

ஒற்றை அச்சுப் பெட்டி தராசு மாதிரி. அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் முன்பக்கம் எழும்பப் பார்க்கும், கொழுக்கியை மேலே தூக்கும். அப்போது மெசினின் பின்சில்லில் பிடிமானம் குறையும், பெட்டி வாலை ஆட்டும். கொழுக்கியில் ஒரு முறை அழுத்தி ஒரு முறை தூக்கினால் பின் கிடந்து குதிக்கும்.

ஆகவே அச்சுக்குச் சற்று முன்னால் பாரம் கூடுதலாக இருக்கட்டும். முன் பலகையோடு ஒட்டி முதல் வரிசையைப் போட்டு, இடைவெளி விடாமல் பின்னே வாருங்கள். பெட்டி நிறையாத பயணத்தில் பின்கதவுப் பக்கம் காலியாக இருக்கட்டும், முன்பக்கம் வேண்டாம். ஏற்றுகிற பொடியன்கள் பின்கதவு வழியாக ஏற்றுவதால், கை சலித்த இடத்தில் மூடையைப் போட்டுவிடுவார்கள். அந்த வேலையில் கொஞ்சம் நின்று பாருங்கள்.

இறக்கும்போதும் இதே கணக்குத்தான். பாதி வழியில் ஒரு வீட்டுக்கு இருபது மூடையை இறக்கினால், முன்னால் இருந்தே எடுத்துவிட்டு மிச்சத்தைப் பின்னால் அப்படியே விட்டுப் போகாதீர்கள்.

கொழுக்கியை உயரத்தில் பூட்டினால் இழுவை கூடுமா?

கூடாது, ஆள் போகும். இதில் விளையாட வேண்டாம். இழுவை எப்போதும் மெசினின் இழுவைச் சட்டத்தில், பின் அச்சுக்குக் கீழே இருக்க வேண்டும். மேல் இணைப்புக் கம்பி பூட்டும் இடத்திலோ அதற்குச் சமமான உயரத்திலோ பெட்டியைக் கட்டி இழுத்தால், சேற்றில் சில்லு அழுந்தும்போது மெசினின் மூக்கு எழும்பி ஓட்டுநர்மேலேயே பின்புறமாகக் கவிழும். ஓரிரு விநாடியில் முடிந்துவிடும், குதிக்க நேரம் கிடைக்காது.

ஒரே தாளத்தில் இழுத்து விடுகிறது. அது எது?

சில்லு. பெட்டிக்கு யாரும் புது டயர் போடுவதில்லை. லொறியில் ஓடித் தேய்ந்தது பெட்டிக்கு வரும், ஒன்று ஒரு அளவு, மற்றது வேறு அளவு. ஒரு பக்கம் எயார் குறைந்தால் அந்தப் பக்கம் இழுக்கும். மழைக்காலம் முழுக்கப் பாரத்தோடு ஒரே இடத்தில் நிறுத்தி வைத்த டயரில் தட்டையான ஒரு பகுதி விழுந்துவிடும்.

எண்ணிப் பார்க்கலாம். 75 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.36 மீற்றர் ஓடும். மணிக்கு 17 கிலோமீற்றர் வேகத்தில் விநாடிக்கு இரண்டு சுற்று. இடிப்பும் விநாடிக்கு இரண்டு என்றால் ஆள் அகப்பட்டுவிட்டான். வேகம் கூட்டினால் தாளமும் கூட வேண்டும்.

பிறகு அச்சை ஜாக்கில் தூக்கி, கீழே கட்டை கொடுத்து, சில்லைக் கையால் சுற்றுங்கள். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்தால் டயர் நெளிவது தெரியும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பெயரிங் தளர்வும் தெரியும்.

கிரவல் ரோட்டில் மட்டும்தான் இடிக்கிறது.

அப்படியென்றால் ரோடுதான். மாரி மழைக்குப் பிறகு வெல்லாவெளி, ஆயித்தியமலைப் பக்கத்துக் கிரவல் பாதைகளில் சீப்புப் பல்போல் அலை விழுந்திருக்கும். நம் பெட்டிகளில் பலவற்றுக்கு வில்லுத்தகடே கிடையாது, அச்சு நேராகச் சட்டத்தில் பூட்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு பல்லும் கொழுக்கிக்கு வந்து சேரும். வேகத்தைக் குறையுங்கள், டயரில் கல்போல் எயார் அடிக்காதீர்கள். வேறு மந்திரம் இல்லை.

பெட்டியைக் கழற்றி ஓட்டினாலும் மெசின் இழுத்து விடுகிறது.

இந்தச் சோதனையை நீங்களாகவே செய்து பார்த்திருந்தால் சபாஷ். பெட்டி தப்பிவிட்டது. கிளச் விடும்போது நடுங்கினால் கிளச் தட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது தட்டு தேய்ந்திருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தம் ஏறி இறங்கினால் டீசல் சரியாகப் போகவில்லை. வடிகட்டி அடைத்திருக்கும், டீசலில் தண்ணீர் கலந்திருக்கும், அல்லது குழாயில் காற்றுப் புகுந்திருக்கும். பரலில் வைத்து எடுக்கும் டீசலில் தண்ணீர் சேர்வது நம் பக்கத்தில் சாதாரணம். வடிகட்டியை மாற்றி, காற்றை வெளியேற்றிப் பார்த்துவிட்டுத்தான் டீசல் பம்பில் கை வைக்க வேண்டும்.

பிரேக் பிடித்தால் மெசின் ஒரு பக்கம் திரும்புகிறது, பெட்டி வந்து குத்துகிறது.

உழவு மெசினில் இடச்சில்லுக்கு ஒரு பிரேக் மிதி, வலச்சில்லுக்கு ஒரு மிதி. வயலில் சட்டென்று திரும்புவதற்காக அப்படி வைத்தார்கள். ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் கொண்டியால் இணைக்க வேண்டும். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் மெசின் குறுக்கே திரும்பும், பெட்டி நேராக வரும், இரண்டும் கத்திபோல் மடியும். கொண்டி தொலைந்த மெசின்கள் ஏராளம். ஒன்று செய்து போடுங்கள். இணைத்த பிறகும் ஒரு பக்கம் இழுத்தால் இரண்டு பிரேக்கும் ஒரே அளவில் பிடிக்கும்படி சரிசெய்ய வேண்டும்.

பெட்டிக்குப் பிரேக் இல்லை என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள். குளக்கட்டில் இருந்து இறங்கும்போதும் பால இறக்கத்திலும், இறங்குமுன்பே சின்னக் கியருக்கு மாறிவிடுங்கள். பாதி இறக்கத்தில் கிளச்சை மிதித்தால் எஞ்சின் பிடி விட்டுப்போகும். பிறகு பெட்டி சொல்கிற வேகம்தான்.

லேண்ட்மாஸ்டருக்கும் (இரண்டு சில்லுக் கை உழவு மெசின்) இதே விதிகளா?

பின், கண், பாரம் எல்லாம் அதே. இருக்கையும் கால் பிரேக்கும் பெட்டியில் இருக்கும் வண்டிகளில், பிரேக் பெட்டிச் சில்லைப் பிடிக்கும். அது நல்லது, பெட்டி பின்னே இழுத்துப் பிடிப்பதால் கொழுக்கி எப்போதும் இழுபட்ட நிலையில் இருக்கும். அந்தப் பிரேக்கைப் பழுதாக விட்டுவிட்டு ஓட்டுகிறவர்களுக்குத்தான் இடிப்பு.

இன்னொன்று, இது உயிர் விஷயம். சமதரையில் இடப்பக்கக் கைப்பிடிக் கிளச்சை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பெட்டி தள்ளும்போது அதையே அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும். ஏனென்றால் எஞ்சின் பிடித்து வைத்திருந்த இடச்சில்லு விடுபட்டு வேகமாக ஓடத் தொடங்கும். புதிதாகப் பழகும் தம்பிமாருக்கு முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள். இறக்கத்தில் கைப்பிடியால் தள்ளித்தான் திருப்ப வேண்டும், கிளச்சில் கை வைக்கக் கூடாது.

தண்ணீர் பவுசர் (தாங்கி வண்டி) நிறைந்திருந்தால் நல்லாய் வருகிறது, பாதியானதும் இடிக்கிறது.

கோடையில் ஊர் ஊராகத் தண்ணீர் கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் வரும் தலையிடி இது. 3000 லீற்றர் பவுசரில் பாதி என்றால் 1500 கிலோ தண்ணீர். நீங்கள் நிறுத்தும்போது அது நிற்காமல் முன்னே ஓடிச் சுவரில் மோதும், திரும்பிப் பின்னே போகும். பவுசர் நின்ற பிறகும் ஒருமுறை தள்ளுவது அதனால்தான். நிறைந்த தாங்கியில் தண்ணீர் ஓட இடமில்லை.

உள்ளே ஓட்டை போட்ட குறுக்குத் தகடுகள் இருந்தால் ஓட்டம் உடையும். பவுசர் செய்யக் கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள், பிறகு வெட்டிப் போடுவது இரட்டைச் செலவு. தகடு இல்லாத பவுசரை வைத்திருப்பவர்கள் பிரேக்கை நீட்டி, மெதுவாகப் பிடித்துப் பழக வேண்டும். வளைவில் தண்ணீர் பக்கவாட்டிலும் ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான் ஓட்டுவது பிரைம் மூவர். அதில் பின் ஆடுமா?

ஆடும். அரிசி ஏற்றிக்கொண்டு ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போகும் நீள வண்டிகளில் இழுவைத் தட்டை 'ஃபிஃப்த் வீல்' என்பார்கள், ஐந்தாம் சில்லு. குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கையாக வைத்த வட்டத்தின் பெயர் அது, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ட்ரெய்லரின் அடியில் இருக்கும் கிங் பின் பெரும்பாலும் 50.8 மில்லிமீற்றர் விட்டம், அதாவது 2 அங்குலம். 49 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, வேர்னியர் என்ற நுண்ணளவுகோல் வைத்து அளக்க வேண்டும். பின்னைக் கவ்வும் தாடைகளும் தேயும். பல தட்டுகளில் அந்தத் தேய்வைச் சரிசெய்யும் திருகு இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

சோதனை எளிது. ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்து வைத்து, முன்வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் "டக்" சத்தம் தட்டில் இருந்து வருகிறதா என்று தெரியும். அங்கே சத்தம் இல்லை, ஆனால் ஓட்டத்தில் பிரேக் பிடிக்கும்போது பின்னால் இருந்து தள்ளுகிறது என்றால், ட்ரெய்லரின் பிரேக் பிந்திப் பிடிக்கிறது. காற்றுக் குழாய், வால்வு, பிரேக் இடைவெளி மூன்றையும் பாருங்கள். தட்டு கிறீஸ் இல்லாமல் காய்ந்திருந்தால் வளைவில் திக்கித் திக்கித் திரும்பும், ஸ்டியரிங் பழுது என்று தோன்றும். அச்சு நகர்த்தும் ட்ரெய்லர் என்றால் அதன் பூட்டு ஊசிகளும் ஆடும்.

கனடாவில் இருக்கும் மச்சான் பிக்கப்பின் பின்னால் வீட்டு வண்டி இழுக்கிறார். அவருக்கும் முன்பின்னாகக் குலுக்குகிறதாம்.

அவருடையதும் ஐந்தாம் சில்லுதான், பிக்கப்பின் தொட்டிக்குள் பூட்டுவது. கிங் பின் ஆட்டத்தைப் பார்த்த பிறகு, பின்னில் விழும் எடையை அளக்கச் சொல்லுங்கள். ட்ரெய்லரின் மொத்த எடையில் 15 முதல் 25 வீதம் வரை அங்கே இருக்க வேண்டும். 5 தொன் ட்ரெய்லர் என்றால் 750 முதல் 1250 கிலோ. சாமான்களைப் பின்னறையில் அடைத்தால் அது குறைந்துவிடும், நம் நெல் மூடைக் கணக்கேதான். ஆனால் பிக்கப் தாங்கும் எடையையும் தாண்டக் கூடாது.

அங்கே கொங்கிறீட் நெடுஞ்சாலைகளில் பலகை பலகையாக மூட்டு இருக்கும். அந்த மூட்டுகளின் தாளமும் வண்டியின் துள்ளலும் ஒத்துப்போனால் குலுக்கல் பெருகும். வேகத்தை ஐந்து, பத்துக் கிலோமீற்றர் மாற்றினால் நின்றுவிடுகிறதா என்று பார்க்கட்டும். நின்றால் பழுது இல்லை, ரோடுதான். அடிக்கடி அந்த வழியில் போகிறவர்கள் ரப்பர் அல்லது காற்றுப் பை வைத்த 'பின் பொக்ஸ்' (கிங் பின்னைத் தாங்கும் பகுதி) பொருத்துகிறார்கள், அது அடியைக் குறைக்கும். ட்ரெய்லர் பிரேக்கின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவி ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும், அதையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

வெட்டு நடக்கிறது, மழை இருட்டிக்கொண்டு வருகிறது. இன்றைக்கு மட்டும் இப்படியே ஓட்டலாமா?

எதில் குறை என்பதைப் பொறுத்தது. டயர் நெளிவு, கிரவல் அலை, கிளச் நடுக்கம் என்றால் மெதுவாக ஓட்டி நெல்லை வாடிக்கோ வீட்டுக்கோ கொண்டு சேருங்கள். பின் கழுத்து மெலிந்திருந்தால், கண்ணில் வெடிப்புத் தெரிந்தால், யூ போல்ட் தளர்ந்திருந்தால் ஓட்ட வேண்டாம். நெல்லைப் படங்கால் மூடிவிட்டு, பக்கத்து வட்டைக்காரரிடம் ஒரு பின்னையோ பெட்டியையோ இரவல் கேளுங்கள். அறுவடைக் காலத்தில் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் தருவார்கள். திருப்பிக் கொடுக்கும்போது கிறீஸ் போட்டுக் கொடுங்கள்.